டிசம்பரில் அப்பா அம்மாவோடு மலேசியா: 8 இரவு, சுத்த சைவம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்

அல்சூர்வாசி:

வணக்கம். டிசம்பர் கடைசி வாரம் பெங்களூரிலிருந்து மலேசியா போகலாம் என்று இருக்கிறோம். நானும் மனைவியும், 7 வயதுப் பையன், அப்பா (68), அம்மா (63). மொத்தம் 8 இரவு. கோலாலம்பூர், பினாங்கு, அப்புறம் பெர்ஹெந்தியான் தீவு, கடைசியில் ஒரு நாள் பஸ் பிடித்து சிங்கப்பூரையும் பார்த்துவிட்டு வரலாம் என்பது இப்போதைய எண்ணம். டிக்கெட் இன்னும் போடவில்லை.

விசா வேண்டாம் என்பது தெரியும். அது போக என்னென்ன காகிதம் கையில் இருக்க வேண்டும்? அப்பா பாஸ்போர்ட்டில் பெயர் மட்டும்தான், சர்நேம் கட்டம் காலி. அம்மா எட்டாவது வரைதான் படித்தவர், பாஸ்போர்ட்டில் இசிஆர் (வேலைக்கு வெளிநாடு போக குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு) என்று இருக்கிறது. இதெல்லாம் ஏர்போர்ட்டில் இடிக்குமா?

அப்பா அம்மா இரண்டு பேரும் முட்டைகூடத் தொடமாட்டார்கள். தமிழர்கள் நிறைய இருக்கிற ஊர்தானே, சமாளித்துவிடலாமா? அப்பாவுக்கு மூட்டுவலி வேறு. படி ஏறாமல் பத்துமலை முருகனைக் கும்பிட வழி உண்டா? ரொக்கம் எவ்வளவு, கார்டு எப்படி என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

டிக்கெட் மேசை:

முதல்ல ரூட்டைச் சரி பண்ணிடலாம் சார். டிசம்பர்ல பெர்ஹெந்தியான் வேண்டவே வேண்டாம். நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் வடகிழக்குப் பருவக்காத்து தென்சீனக் கடல்லேர்ந்து நேரா கிழக்குக் கரையில அடிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் பக்கம் பெரும்பாலான விடுதிகளை மூடிடுவாங்க, படகும் நின்னுடும். நெட்ல மலிவா ரூம் தெரிஞ்சா முன்பணம் கட்டிடாதீங்க. அதே சமயத்துல மேற்குக் கரை நல்லா இருக்கும், நடுவுல தித்திவாங்சா மலைத்தொடர் நின்னு மழையை வாங்கிக்கும். தீவுதான் வேணும்னா லங்காவி போங்க.

சிங்கப்பூரையும் எடுத்துடுங்க. இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா வாங்கணும், எல்லையில கொடுக்க மாட்டாங்க. கோலாலம்பூர்லேர்ந்து பஸ் ஒரு பக்கத்துக்கே 5 மணி நேரத்துக்கு மேல. டிசம்பர் விடுமுறையில ஜொகூர் பாலத்துல வரிசை எவ்வளவு நேரம் பிடிக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. திரும்பி மலேசியாவுக்குள்ள வர மறுபடியும் வருகைப் பதிவு போடணும். 68 வயசுக்காரரை வச்சுக்கிட்டு ஒரே நாள்ல இது ஆகற காரியம் இல்லை.

என் கணக்கு: கோலாலம்பூர் 3 இரவு, பினாங்கு 2, லங்காவி 2, திரும்ப கோலாலம்பூர் 1. அந்தக் கடைசி இரவை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீங்க. லங்காவி விமானமும் பெங்களூர் விமானமும் தனித்தனி டிக்கெட்டா இருந்தா, முதல் விமானம் தாமதமானதுக்கு ரெண்டாவது கம்பெனி பொறுப்பு ஏத்துக்காது. ஒண்ணு டெர்மினல் 1, இன்னொண்ணு டெர்மினல் 2ன்னு அமைஞ்சா பெட்டியை எடுத்துக்கிட்டு ரயிலோ பஸ்ஸோ பிடிச்சு மாறணும்.

இப்ப காகிதம். இந்தியர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2023 டிசம்பர் 1-ல ஆரம்பிச்சது, 2026 டிசம்பர் 31 வரைக்கும்னு நீட்டிச்சாங்க. அந்தத் தேதியை ஒட்டியோ தாண்டியோ போறவங்க, டிக்கெட் போடற அன்னிக்கு மலேசியக் குடிநுழைவுத் துறை அறிவிப்பைப் பார்த்துட்டுப் போடுங்க. பாஸ்போர்ட் உள்ளே நுழையற நாள்லேர்ந்து 6 மாசமாவது செல்லணும். பையனோட பாஸ்போர்ட்டைக் கட்டாயம் பாருங்க, சின்னப் பிள்ளைங்களுக்கு 5 வருஷம்தான் தருவாங்க. வீட்டுல முதல்ல முடியறது அதுவாத்தான் இருக்கும்.

அடுத்து எம்டிஏசி, அதாவது மின்னணு வருகை அட்டை. இறங்கற நாளுக்கு முந்தின 3 நாளுக்குள்ள குடிநுழைவுத் துறையோட சொந்தத் தளத்துல போடணும், ஆளுக்கு ஒண்ணு, குழந்தைக்கும் சேர்த்து. கட்டணம் கிடையாது. கூகுள்ல தேடினா முதல்ல வர்றது பெரும்பாலும் காசு கேக்கற தனியார் தளம். கார்டு விவரம் கேட்டாலே தப்பான இடம்னு வச்சுக்கலாம். போட்டு முடிச்சதும் மின்னஞ்சல்ல ஒரு பின் நம்பர் வரும். ஒரே மின்னஞ்சலை அஞ்சு பேருக்கும் கொடுத்தீங்கன்னா எது யாருதுன்னு குழம்பும், வர வர பேரைப் போட்டுச் சேமிச்சுக்கோங்க.

இதுல நிறைய பேர் சிக்கறது தேதியில. பெங்களூர்ல ராத்திரி 11 மணிக்கு மேல கிளம்பற விமானம் மறுநாள் காலையில இறங்கும். பறக்கற நேரம் சுமார் 4 மணி, அங்க கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி முன்னாடி. 24-ம் தேதி ராத்திரி ஏறினா வருகைத் தேதி 25. எம்டிஏசி-ல 24-னு போட்டா பொருந்தாது. ஹோட்டலையும் இதே கணக்குலதான் பார்க்கணும். காலையில 6 மணிக்கு இறங்கினா ரூம் மத்தியானம் 2, 3 மணிக்குத்தான் தருவாங்க. பெரியவங்க இருக்கறதால முந்தின ராத்திரிக்கும் சேர்த்துப் போட்டு, 'அதிகாலையில வருவோம்'னு ஹோட்டலுக்கு எழுதிடுங்க. இல்லைன்னா வரலைன்னு நினைச்சு ரூமையே ரத்து பண்ணிடுவாங்க.

கவுன்டர்ல கேட்டா காட்ட: திரும்பற டிக்கெட், எல்லா இரவுக்கும் தங்கற பதிவு, ஃபாரெக்ஸ் கார்டு அல்லது ரொக்கம். போன்ல மட்டும் வச்சுக்காம அச்செடுத்து அப்பா அம்மா கையிலயும் ஒரு செட் கொடுங்க. வரிசை பிரிச்சு விட்டாங்கன்னா அவங்க தனியா நிப்பாங்க. சுற்றுலான்னு வந்து வேலைக்குத் தங்கிடறவங்க அதிகம்கறதால நம்ம பக்கத்து ஆளுங்களைக் கொஞ்சம் துருவிக் கேப்பாங்க. எங்க தங்கறீங்க, எத்தனை நாள், யாரோட வந்தீங்க, இந்த மூணுக்கும் எல்லாரும் ஒரே பதில் சொன்னாப் போதும். பதில் முன்னுக்குப் பின் முரணா இருந்தாத்தான் உள்ளே அறைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. அங்கேர்ந்து திருப்பி அனுப்பறதைத்தான் என்டிஎல் (நாட் டு லேண்ட்)னு சொல்வாங்க.

ஒற்றைப் பேரு மலேசியாவுக்குத் தடை இல்லை. ஐக்கிய அரபு அமீரகம்தான் 2022 நவம்பர்ல, சுற்றுலா விசாவுல வர்றவங்க பாஸ்போர்ட்ல ஒற்றைப் பேர் மட்டும் இருந்தா ஏத்துக்க மாட்டோம்னு சொன்னது. அதைக் கேட்டுட்டு நிறைய பேர் எல்லா நாட்டுக்கும் அப்படின்னு நினைச்சுக்கறாங்க. பிரச்சினை டிக்கெட் போடற தளத்துல. சர்நேம் கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கத்துக்கே விடாது. சில கம்பெனி அதே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்லும், சிலது பேரை சர்நேம் கட்டத்துல போட்டுட்டு, பேருக்கான இடத்துல எஃப்என்யூ (முதல் பேர் தெரியலைங்கறதோட ஆங்கிலச் சுருக்கம்) போடச் சொல்லும். அந்தந்தக் கம்பெனி உதவிப் பக்கத்துல என்ன சொல்லியிருக்கோ அதை மட்டும் செய்யுங்க. நீங்களா அப்பாவோட அப்பா பேரைப் போட்டீங்கன்னா பாஸ்போர்ட்டோட ஒத்துப்போகாது, போர்டிங் பாஸ் தர மாட்டாங்க. எம்டிஏசி-ல பேருக்கு ஒரே கட்டம்தான், பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே போடுங்க.

இசிஆர்: மலேசியா அந்தப் பட்டியல்ல இருக்கற நாடுதான். ஆனா குடிபெயர்வு அனுமதி வேலைக்குப் போறவங்களுக்குத்தான், சுற்றுலாவுக்கு இல்லை. 50 வயசு தாண்டினவங்களுக்கு அந்தத் தேவையே கிடையாது. அம்மாவுக்கு 63, கவலை வேண்டாம். பெங்களூர் குடியேற்றக் கவுன்டர்ல ரெண்டு கேள்வி கூடக் கேட்டா குடும்பத்தோட போறோம்னு சொல்லித் திரும்பற டிக்கெட்டைக் காட்டச் சொல்லுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க.

மாரத்தஹள்ளி சமையல்கட்டு:

சாப்பாட்டைப் பற்றி நான் எழுதுகிறேன். தமிழர் நிறைய இருக்கிற ஊர் என்பதும் சைவம் சுலபமாகக் கிடைக்கும் என்பதும் ஒன்றல்ல. அங்கே காய்கறி என்று சொல்லிக் கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் பெலாச்சான் போட்டு வதக்கியிருப்பார்கள். அது இறாலை உப்பிட்டு நொதிக்க வைத்து அரைத்த விழுது. தட்டில் கண்ணுக்குத் தெரியாது, வாசனையில்தான் தெரியும். நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோறுதானே என்று வாங்கினால் கூடவே சம்பலும் வறுத்த நெத்திலியும் பாதி முட்டையும் வரும். கங்குங் கீரை, வறுத்த நூடுல்ஸ், சூப் எல்லாவற்றிலும் இதே சிக்கல்.

மாமாக் கடைகள், அதாவது தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் கடைகள், இரவெல்லாம் திறந்திருக்கும். தமிழில் பேசலாம் என்று தெம்பாக இருக்கும். பரோட்டா போன்ற ரொட்டி சானாய் கேளுங்கள், ஆனால் குழம்பு ஊற்றுவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். பருப்பையும் மீன் குழம்பையும் கலந்து ஊற்றுவது அங்கே சாதாரண வழக்கம். குழம்புப் பானைகள் வரிசையாக இருக்கும், கரண்டி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். தால்சா என்று கொடுப்பது பெரும்பாலும் எலும்பு போட்டு வேகவைத்தது. முட்டை ரொட்டியும் அதே கல்லில்தான் சுடுவார்கள். உங்கள் அப்பா அம்மா அந்த அளவு பார்ப்பவர்கள் என்றால் மாமாக் கடையில் தேநீரோடு நிறுத்திக்கொள்வதே மனசுக்கு நிம்மதி. தே தாரிக் கெட்டிப்பாலில் போடுவது, இனிப்பு தூக்கலாக இருக்கும். 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பைக் குறைப்பார்கள். 'தே ஓ கோசோங்' என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது.

வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும் முழுச் சைவம் இல்லை. ஒரே ஆள் ஒரே தூக்கில் சாம்பார், மீன் குழம்பு, கோழிக் குழம்பு மூன்றையும் வைத்துக்கொண்டு வருவார். அந்தத் தூக்கிலிருந்து வாங்காமல், சமையலறையிலிருந்து சாம்பார் தனியாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். தயங்காமல் செய்வார்கள். பெயர்ப் பலகையிலேயே சைவ உணவகம் என்று இருக்கும் கடைகள் கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸிலும் மஸ்ஜித் இந்தியா பக்கமும், பினாங்கில் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் இருக்கின்றன. ஹோட்டலை இந்தப் பகுதிகளிலேயே போட்டால் மூன்று வேளையும் நடந்து போய்ச் சாப்பிடலாம். நட்சத்திரம் ஒன்று குறைந்தாலும் பரவாயில்லை, இடம் முக்கியம்.

சீனச் சைவ உணவகங்களையும் விட்டுவிடாதீர்கள். பௌத்தக் குடும்பங்கள் நடத்துபவை, பலவற்றில் வெங்காயம் பூண்டுகூட இருக்காது, மலிவு, சுத்தம். இரண்டு விஷயம் மட்டும் முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லிவைக்க வேண்டும். சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். சோயாவிலும் கோதுமையிலும் செய்த போலி மீன், போலி வாத்து தோல் வரிகூட அச்சு அசலாக இருக்கும்படி தட்டில் வரும். தெரியாமல் பார்த்தால் அம்மா எழுந்தே போய்விடுவார்.

லங்காவிதான் கடினம். பந்தாய் செனாங் கடற்கரையில் இந்திய உணவகங்கள் சில உண்டு, அங்கேயே தங்குங்கள். படகுச் சவாரி போகும் நாளில் மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பார்சலுக்கு அங்கே 'தாப்பாவ்' என்பார்கள். மலாய்க் கடையில் மாட்டிக்கொண்டால் இதைப் போனில் எழுதி வைத்துக் காட்டுங்கள்: 'தாக் மாவ் டாகிங், ஆயாம், ஈக்கான், உடாங், தெலோர், பெலாச்சான்'. இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை, இறால் விழுது வேண்டாம் என்று பொருள். வெறும் சைவம் என்று சொல்வதைவிட இப்படி ஒவ்வொன்றாகச் சொல்வதுதான் வேலைக்காகும்.

கொண்டுபோக: சின்ன மின்சாரக் கெட்டில், அவல், ரவை உப்புமா மிக்ஸ், பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல். மின்சாரம் 240 வோல்ட், நம்முடையதைப் போலத்தான், மின்மாற்றி வேண்டாம். பிளக் மட்டும் மூன்று சதுரக் கால் உள்ளது, அதற்கு அடாப்டர் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வறுத்த பொடி, ஊறுகாய் எல்லாம் செக்கின் பெட்டியில். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் திரவக் கணக்கில் வந்துவிடும், கைப்பையில் வைத்தால் எடுத்துப் போட்டுவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய் செக்கினில்கூட அனுமதி இல்லை, எண்ணெய் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் 2022-ல் சேர்த்துவிட்டார்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும். கறிவேப்பிலை, வெற்றிலை, பழம் எதுவும் எடுத்துப்போக வேண்டாம், தாவரத் தடுப்புச் சோதனை உண்டு. அங்கேயே எல்லாம் கிடைக்கும்.

செந்தூல் டூ ஹெப்பால்:

வணக்கம் ஐயா. கோலாலம்பூர்க்காரன், இப்போது பெங்களூரில் வேலை. பத்துமலையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

குகைக்கோயிலுக்கு 272 படி. 2006-ல் எழுப்பிய 140 அடி முருகன் சிலை படிக்கட்டின் அடிவாரத்திலேயே இருக்கிறது, அதற்கு ஒரு படிகூட ஏற வேண்டாம். அடிவாரத்தில் கோயில்களும் சைவ உணவகங்களும் உண்டு. உங்கள் அப்பா அங்கே அர்ச்சனை முடித்து நிழலில் உட்காரலாம், நீங்கள் மேலே போய் வரலாம். ஏறியே தீருவேன் என்றால் காலை 8 மணிக்கு முன் ஏறச் சொல்லுங்கள். படிகள் செங்குத்து, மிதி குறுகல், மழை பெய்தால் வழுக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் மூட்டு பிடிக்கும். கைப்பிடிச் சுவர் ஓரமாக, நின்று நின்று வரவேண்டும். குரங்குகள் பிளாஸ்டிக் பைச் சத்தத்துக்கே ஓடிவரும். தேங்காய் பழத்தட்டு, தண்ணீர் போத்தல் எதையும் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் போட்டு மூடிவிடுங்கள். முழங்கால் தெரியும் உடையில் பெண்களை மேலே விடமாட்டார்கள், வாசலில் வாடகைக்குத் துணி தருவார்கள்.

கோலாலம்பூரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கேடிஎம் கொமுட்டர் ரயில் நேராகப் பத்துமலை நிலையத்தில் விடும், அதுவே கடைசி நிலையம், கட்டணம் மூன்று வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் ரிங்கிட், மலேசியப் பணம்). ஆனால் ரயில் அடிக்கடி கிடையாது. போகும்போதே திரும்பும் நேரத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் என்பதால் பெரிய கிராப் வண்டி (ஓலா, ஊபர் போலச் செயலியில் கூப்பிடும் டாக்ஸி) எடுத்தாலும் பெரிய வித்தியாசம் வராது.

சிங்கப்பூருக்கு ஒதுக்கிய நாளை மலாக்காவுக்குக் கொடுங்கள், ஐயா. கோலாலம்பூரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பஸ் ஏறும் இடம் டிபிஎஸ், கேஎல் சென்ட்ரலிலிருந்து கொமுட்டரில் பண்டார் தாசேக் செலாத்தான் நிலையத்தில் இறங்கினால் மேல்நடைபாதை நேராக உள்ளே போகும். இணையத்தில் வாங்கின டிக்கெட்டை அங்கே ஏறும் சீட்டாக மாற்ற வேண்டியிருக்கலாம், அரை மணி முன்னால் போங்கள். மலாக்கா சென்ட்ரலில் இறங்கிப் பழைய நகருக்கு மறுபடி வண்டி பிடிக்க வேண்டும். அங்கே ஒரே தெரு வரிசையில் பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக்கோயில் மூன்றும் சில நிமிட நடைக்குள் இருக்கின்றன. விநாயகர் கோயில் 1781-ல் எழுந்தது, மலாக்காச் செட்டிகளுடையது. தமிழ் வணிகர் வழியில் வந்தவர்கள், வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. இந்த நாட்டைப் புரிந்துகொள்ள அந்தத் தெருவைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. நண்பகல் வெயிலைத் தவிர்த்துக் காலையிலேயே சுற்றிவிடுங்கள், கோயில்கள் மதியம் சாத்திவிடுவார்கள்.

பினாங்குக்கு இடிஎஸ் என்ற மின்சார விரைவு ரயில் நல்லது. கேஎல் சென்ட்ரலிலிருந்து பட்டர்வொர்த் நாலு மணி நேரம் சொச்சம். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை, ஃபெரியில் கால் மணி நேரத்தில் ஜார்ஜ் டவுன். ரயிலில் குளிர் கடுமை, பெரியவர்களுக்குச் சால்வை எடுத்துவையுங்கள். டிசம்பரில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், கேடிஎம் செயலியில் பாஸ்போர்ட் எண் போட்டு வாங்கலாம். பினாங்கிலிருந்து லங்காவிக்கு நேர் படகை நம்பித் திட்டம் போடாதீர்கள். விமானம் அரை மணிதான்.

இரட்டைக் கோபுரம் திங்கட்கிழமை மூடியிருக்கும். மேலே ஏற இணையத்தில் நேரம் குறித்து வாங்க வேண்டும், போய் வாங்கிக்கொள்ளலாம் என்றால் கிடைக்காமல் போகலாம். வெள்ளிக்கிழமை மதியம் சுமார் 12.45 முதல் இரண்டரை வரை தொழுகை நேரம், முஸ்லிம் கடைகளும் அலுவலகங்களும் அடைத்திருக்கும். மஸ்ஜித் ஜாமெக் போன்ற இடங்களில் தொழுகை இல்லாத நேரத்தில் மற்றவர்களும் போகலாம், அங்கியை அவர்களே தருவார்கள்.

பேச்சில் ஒரு கவனம். இனம், மதம், அரச குடும்பம் மூன்றையும் பொது இடத்தில் விவாதிக்க வேண்டாம், சட்டப்படியே சிக்கல் வரும். நம் ஆட்கள் கிராப் ஓட்டுநரிடம் 'இங்கே தமிழர்களை எப்படி நடத்துகிறார்கள்' என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். கேட்பவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார், பதில் சொல்பவருக்குத்தான் சங்கடம். மலாய்ப் பெண்களிடம் நீங்களாகக் கைநீட்ட வேண்டாம், தலையசைத்துப் புன்னகைத்தால் போதும்.

கோரமங்களா 5-வது பிளாக்:

பணம், போன், வண்டி பற்றி. ஒரு ரிங்கிட் இருபது ரூபாய்க்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். வங்கிச் செயலியில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டை நீங்களே இயக்கினால்தான் வேலை செய்யும். 2020 முதல் புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்து வருகின்றன. ரிங்கிட் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்றும், மாற்றுக்கு வேறொரு வங்கி கார்டு ஒன்றும் வெவ்வேறு பையில் இருக்கட்டும். கடையில் மெஷின் 'ரூபாயிலா ரிங்கிட்டிலா' என்று கேட்டால் ரிங்கிட்டை மட்டும் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் நஷ்டம்.

முதல் நாளுக்கு 500 ரிங்கிட் ரொக்கம் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள், 10, 20 நோட்டாகக் கேளுங்கள். அங்கே மேலும் மாற்ற ஏர்போர்ட் கவுன்டர் வேண்டாம், மஸ்ஜித் இந்தியா பக்கமோ மிட் வேலி மாலிலோ விகிதம் எவ்வளவோ மேல். இந்திய ரூபாய் வெளியே எடுத்துப்போக உச்சவரம்பு ஆளுக்கு 25,000.

ஹோட்டலுக்கு முழுப்பணம் கட்டியிருந்தாலும் கவுன்டரில் சுற்றுலா வரி கேட்பார்கள், வெளிநாட்டவருக்கு ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட். இரண்டு அறை, 8 இரவு என்றால் 160. அது ஏமாற்று இல்லை, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். கூடவே திரும்பத் தரும் முன்பணமும் சில இடங்களில் கேட்பார்கள். டுரியான் பழத்தை அறைக்குக் கொண்டுபோனால் அபராதம், பையன் ஆசைப்பட்டால் தெருக்கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வாருங்கள். உணவக விலைப்பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் சேவைக் கட்டணமும் வரியும் அதன்மேல் சேரும். டிப்ஸ் தனியாக வேண்டாம்.

கிராப் செயலியைப் பெங்களூரிலேயே இறக்கி இந்திய எண்ணில் ஓடிபி வாங்கிப் பதிவை முடித்துவிடுங்கள். அங்கே போய் எண் மாற்றிச் செய்தால் ஓடிபிக்காக ஏர்போர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும். இந்தியக் கார்டு சேராமல் போகலாம், ரொக்கம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். 7 வயதுப் பையனும் ஓர் ஆள் கணக்கு, சாதாரண வண்டியில் ஐந்து பேரை ஏற்றமாட்டார்கள், 6 இருக்கை வண்டியைத் தேர்ந்தெடுங்கள். ஏர்போர்ட்டிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் அரை மணிதான், ஆனால் பெரியவருக்கு 55 ரிங்கிட். நாலு பேருக்கே 220, பையனுக்குத் தனி, இறங்கியபின் ஹோட்டலுக்கு வேறு வண்டி. உங்கள் குடும்பத்துக்கு 6 இருக்கை கிராப்தான் மலிவு. சுங்கக் கட்டணம் மேலே சேரும்.

சிம் ஏர்போர்ட்டிலேயே பாஸ்போர்ட் காட்டி வாங்கலாம். இந்திய சிம்மைக் கழற்றி வீசிவிடாமல் ரோமிங் இயக்கி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். நகரத்துக்குள் ரயில், பஸ்ஸுக்கு ஆளுக்கு ஒரு டச் அண்ட் கோ அட்டை. ஒரே அட்டையை ஐந்து பேர் தட்டி உள்ளே போக முடியாது.

அல்சூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பெர்ஹெந்தியானையும் சிங்கப்பூரையும் எடுத்துவிட்டேன், மலாக்காவும் லங்காவியும் சேர்த்தாச்சு. இரண்டு சந்தேகம் பாக்கி. அப்பாவுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை. அம்மா தூக்கத்துக்கு அல்பிரசோலம் அரை மாத்திரை போடுவார். கொண்டுபோகலாமா? லங்காவியில் நானே கார் ஓட்டலாமா?

டிக்கெட் மேசை:

மாத்திரை எல்லாம் அட்டையோட, கடைப் பில்லோட வையுங்க. டப்பாவுல பிரிச்சுப் போட்டு வைக்கற வழக்கத்தை இந்தப் பயணத்துக்கு விட்டுடுங்க. அல்பிரசோலம் கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து. டாக்டர்கிட்ட மருந்தோட மூலப்பெயர், ஒரு நாளைக்கு எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு ஆங்கிலத்துல லெட்டர்ஹெட்ல எழுதி வாங்குங்க. பயண நாளுக்கு வேணுங்கற அளவு, கூட ரெண்டு மூணு நாளைக்கு, அதுக்கு மேல வேண்டாம். கோடீன் இருக்கற இருமல் மருந்தை வீட்டிலேயே வச்சுடுங்க. சர்க்கரை மாத்திரை கைப்பையில இருக்கணும், பெட்டி தாமதமானா அதுக்காக அலைய முடியாது. இன்னொண்ணு, 'எங்க சொந்தக்காரர் வந்து வாங்கிப்பார்'னு யார் பார்சல் கொடுத்தாலும், பலகாரமே ஆனாலும், வாங்காதீங்க. போதைப்பொருள் வழக்குல கட்டாய மரண தண்டனையை 2023-ல எடுத்துட்டாங்களே தவிர தண்டனையே இல்லாம ஆயிடலை. இப்பவும் மரண தண்டனை கொடுக்க நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. பையில இருந்தது உங்களுதில்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்க.

காருக்கு சர்வதேச ஓட்டுநர் அனுமதி எடுத்துடுங்க. உங்க உரிமம் எந்த ஆர்டிஓ-ல இருக்கோ அங்க சாரதி தளம் வழியா படிவம் 4ஏ. பாஸ்போர்ட், டிக்கெட், மருத்துவச் சான்று கேப்பாங்க. கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். அசல் உரிமத்தையும் கையில வச்சுக்கணும், அனுமதி மட்டும் இருந்தாப் போதாது. வண்டி இடது பக்கம்தான் ஓடும், நம்ம ஊர் மாதிரியே. எடுக்கும்போது நாலு பக்கமும், டயர், கண்ணாடி, பெட்ரோல் முள் எல்லாத்தையும் வீடியோ எடுத்துடுங்க.

செந்தூல் டூ ஹெப்பால்:

லங்காவியில் கேபிள் கார் போவதாக இருந்தால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் முதல் நாளே போங்கள், ஓடாவிட்டால் மறுநாள் கைவசம் இருக்கும். மேல் நிலையத்திலிருந்து தொங்குபாலத்துக்கு நடக்கும் வழி செங்குத்து, உங்கள் அப்பாவுக்கு ஆகாது. ஸ்கைகிளைடு என்ற சிறு தூக்கு வண்டி தனிக் கட்டணத்தில் உண்டு, அது ஓடுகிறதா என்று கீழே டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.